முனாபைப் பற்றி விசாரிக்க வந்தவர்

“பக்கத்து வீட்டு முனாபப் பத்தி ஒளிக்காமச் சொல்லுங்க நானா. ஆக்கள் எப்பிடி?”

வந்தவர் கதிரையில் உட்கார்ந்த கையோடு இப்படிக் கேட்டதும் ஸஹாப்தீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளைக் காற்சட்டை, முப்பது வயது, பெயர் அபூதாஹிராம். கொழும்புப் பிஸ்கட் பெட்டி ஒன்றை வேறு மேசையில் வைத்திருந்தார். ஏதோ ஒரு பெண் வீட்டார் அனுப்பிய ஆள், அயலவர் வாயைத் திறக்க வைக்கத்தான் இந்தப் பெட்டி.

இந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். போவதற்கு முன் யாரையாவது அனுப்பி, அக்கம்பக்கத்தில் மெதுவாகத் துருவிப் பார்ப்பார்கள். ஸஹாப்தீனும் முனாபைத்தான் தன் மகள் ஸல்ஹாவுக்கு என்று மனதில் முடிந்து வைத்திருந்தார். ஆனால் அவளுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்காகக் கட்டும் வீட்டில் சுவர் எழும்பியதே தவிர, இன்னும் கூரை ஏறவில்லை. அரைகுறை வீட்டை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

முனாபோ இப்போது இலங்கை ஹொக்கி அணியில் ஆடுகிறான். ஹொக்கி ஆடுவதற்காகவே கொழும்பில் ஒரு கொம்பனி அவனுக்கு உத்தியோகம் கொடுத்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட மாப்பிள்ளையை எவனோ வந்து கொத்திக்கொண்டு போவதா?

“நீங்க எந்த ஊர் தம்பி? கிண்ணியாவா?”

“பொறந்தது தோப்பூர். இப்ப கொழும்புல வேல.”

தோப்பூர்! வயலும் வீடுமாகக் கொடுக்கக்கூடியவர்கள் அங்கே எத்தனை பேர். ஸஹாப்தீன் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முனாப்ட வாப்பா எப்பிடிப்பட்டவர்?”

ஸெய்னுதீனைப் போல ஒரு மனிதர் துறைமுகப் பக்கத்திலேயே கிடையாது. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் டொக்யாட்டில், கப்பல் பட்டறையில், கூலி வேலை. மைதானத்தில் கடற்படைக்காரர்கள் முறித்து எறிந்த ஹொக்கி மட்டையைப் பொறுக்கி வந்து, தகடு வைத்து ஆணியடித்து மகன் கையில் கொடுத்தவர் அவர்தான்.

“டொக்யாட்ல மூட்ட தூக்கின ஆள்,” என்றார் ஸஹாப்தீன். “புள்ளைட கையில புத்தகத்தக் குடுக்காம மட்டையக் குடுத்தாரு. வளர்ப்பு அவ்வளவுதான்.”

“உம்மா?”

முனாபின் உம்மா பரீதா வருடக்கணக்காக இடியப்பம் அவித்து விற்று, மகனுக்கு விளையாட்டுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவள். அந்த இடியப்பத்தைத் தின்று தேறிய உடம்புதான் ஸஹாப்தீனுடையதும்.

“பெரிய வாய்க்காரி. சம்பந்தம் செஞ்சா, மகனுக்குப் பின்னால அவவும் பெட்டி படுக்கையோட வந்திருவா.”

ஸல்ஹா நின்ற குசினித் திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. ஸஹாப்தீன் திரும்பிப் பார்க்கவில்லை. அபூதாஹிரின் முகம் சுருங்குவதைப் பார்க்கவே அவருக்குக் கண் போதவில்லை.

“அவன் எப்பிடி? குணம்?”

குணத்துக்கு என்ன குறை? ஊருக்கு வந்தால் பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு “மாமா” என்று இங்கேதான் ஓடி வருவான். போன பெருநாளைக்குக்கூட, யாரும் கேட்காமலே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புது வீட்டுக்குக் கல் சுமந்தான். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்த பிறகு நிறுத்த முடியுமா?

“முன்கோபி, தம்பி. மட்டையால ஒருத்தன்ட காலையே உடைச்சவன். அவன்ட முழங்காலும் சரியில்ல. இன்னும் ரெண்டு வருஷத்துல ஓட ஏலாமப் போயிரும். ஓட ஏலாட்டிக் கொம்பனி வெச்சிருக்குமா?”

“எனக்குத் தெரிஞ்சு அவன் அப்பிடி ஒண்டும்...” என்று இழுத்த அபூதாஹிர், பாதியில் நிறுத்திக்கொண்டார். “அப்ப, இந்தச் சம்பந்தம் சரிவராது எண்டா சொல்றீங்க?”

ஸஹாப்தீன் நெஞ்சில் கை வைத்தார். நாக்கு கொஞ்சம்கூடக் கூசவில்லை.

“என்ட சொந்த மகளெண்டாலும் அவனுக்குக் குடுக்க மாட்டன்.”

அபூதாஹிர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“விளங்கிட்டு நானா. நேரடியாச் சொன்னது நல்லம். நான் போய்ச் சொல்லிர்றன்.”

ஸஹாப்தீனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்னும் இரண்டு மாதம் போதும். கடன்பட்டாவது கூரையைப் போட்டுவிட்டு, நேரே ஸெய்னுதீன் வீட்டுப் படியேறிவிட வேண்டியதுதான். சந்தோஷம் தாங்காமல் வாசல் படலை வரைக்கும் கூடவே போனார்.

“அது சரி தம்பி,” என்றார் சும்மா கேட்பதுபோல. “பொண்ணு வீடு தோப்பூர்ல எந்தப் பக்கம்?”

படலையில் கை வைத்த அபூதாஹிர் அப்படியே திகைத்து நின்றார்.

“தோப்பூரா? உங்கட மனசத் தெரிஞ்சுகொண்டு ஸல்ஹாவக் கேட்டு வரச்சொல்லித்தானே முனாப் என்னை அனுப்பினான்!”