மூன்றாவது ரகம்

"மூச்சை உள்ள இழுங்க தம்பி. பிடிச்சுக்கங்க. ம்... இப்ப விடுங்க."

சட்டையில்லாமல், இடது பக்கமாக ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான் அவன். நெஞ்சில் தடவிய பசை சில்லென்றிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஸ்கேன் கருவியின் கணினித் திரை. திரைக்கு முன்னால் ஸ்கேன் எடுக்கும் அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

புதிய கால்பந்து அணியோடு மூன்று வருட ஒப்பந்தம். கையெழுத்துக்கு முன்னால் ஆளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துவிடுவார்கள். முழங்கால், கணுக்கால், முதுகெலும்பு எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது இதயம். அதை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

உள்ளே வந்ததும் அக்கா தலையை நிமிர்த்தவேயில்லை. படிவத்தைப் பார்த்தபடியே சட்டையைக் கழற்றச் சொன்னார். தம்பி என்று கூப்பிட்டார். அது அவனுக்குப் பிடித்திருந்தது. வெளியிடங்களில் அவனைத் தம்பி என்று கூப்பிட இப்போதெல்லாம் ஆளில்லை.

ரசிகர்கள் வைத்த பெயர் 'கதவு'. பின்களத்தில் நின்றால் ஒரு பந்தையும் உள்ளே விடமாட்டான் என்பதால். கடைத்தெருவில் தலை தெரிந்தால் போதும், யாராவது "கதவைச் சாத்து!" என்று கத்துவார்கள். நாலு பேர் சிரிப்பார்கள். நாற்பது பேர் கூடிவிடுவார்கள்.

எட்டு வருடத்தில் அவர்களை அவன் மூன்று ரகமாகப் பிரித்து வைத்திருந்தான்.

நேராக வந்து தோளில் கைபோடுகிறவர்கள் முதல் ரகம்.

பூனை மாதிரி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, முதல் கவளம் வாய்க்குள் போகும் நேரம் பார்த்து போனை நீட்டுகிறவர்கள் இரண்டாவது.

மூன்றாவது ரகம் கடைசிவரை அவனைத் தெரியாத மாதிரியே இருக்கும். வேலையெல்லாம் முடிந்தபிறகு, தப்பா எடுத்துக்காதீங்க, வீட்ல பசங்க உங்க பைத்தியம் என்று இழுக்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் அந்த ரகம். வாயில் பஞ்சோடு அவரோடு படம் எடுத்துக்கொண்டான்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று ஒருவர் வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அடுத்த மூச்சில் போனை எடுத்தார். பழக்கதோஷம், போனைப் பார்த்ததும் அவன் உதடு தானாக விரிந்துவிட்டது.

பெற்றவள் செத்த அன்று இளிக்கிறான் பார் என்று அந்தப் படம் ஒரு வாரம் சுற்றியது.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் மாட்டேன் என்றுவிடுவான். போன ஞாயிற்றுக்கிழமைகூடக் காய்கறிக் கடையில் ஒரு அப்பாவும் மகளும் கேட்டார்கள். கூடையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மனைவி பின்னாலேயே வந்து காரில் ஏறினாள். ஏறியபிறகு ஒரே வரி.

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தியா நீ?"

மூச்சை இழுங்க, விடுங்க என்பதை அக்கா நிறுத்தியிருந்தார்.

கருவி அவன் நெஞ்சில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றது. நகர்ந்தது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. அக்கா படிவத்தை மறுபடி புரட்டும் சத்தம் கேட்டது.

ஆரம்பிச்சாச்சு, என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போனார். இன்னொரு பெண்ணோடு திரும்பி வந்தார். முதுகுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய அவசியமும் இல்லை. உணவகங்களில், விமானங்களில், மகளின் பள்ளிக்கூட வாசலில் ஆயிரம் தடவை கேட்ட குசுகுசுப்புதான். நீ கேளு, இல்லை நீயே கேளு.

வந்த பெண் யாரையோ கூப்பிட ஓடினாள். செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்தது. இனி மாடி முழுக்க வரிசையில் நிற்கும்.

எரிச்சல் நெஞ்சுவரை வந்தது. கூடவே, காய்கறிக் கடையில் நின்ற அந்தச் சின்ன முகமும் வந்தது.

பாவம், கேட்க வாய் வராமல் தவிக்கிறார். நாமே முந்திக்கொண்டால் என்ன குறைந்துவிடப்போகிறது?

எழுந்து உட்கார்ந்தான். காகிதத் துண்டை உருவி நெஞ்சைத் துடைத்தான். விரல்களால் தலைமுடியைக் கோதிக்கொண்டு, ரொம்ப நாளைக்கப்புறம் மனதாரச் சிரித்தான்.

"போட்டோதானே அக்கா? இதுக்குப் போய் கூச்சப்படலாமா? இருங்க, சட்டைய மட்டும் மாட்டிக்கறேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எந்தப் போட்டோ தம்பி?"

"உங்களுக்குத்தான். என்கூட."

அவருக்கு விளங்கவில்லை. படிவத்தை எடுத்து, எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்பதுபோல் பெயரை மறுபடி படித்தார். பிறகு மெதுவாக வந்து, பாதி மாட்டியிருந்த சட்டையோடு அவன் தோளைப் பிடித்துப் படுக்கையில் சாய்த்தார்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி." தலையணையைச் சரிசெய்தார். "பெரிய டாக்டர் வந்துக்கிட்டிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அசையாம இருங்க."

போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினார். கையை எடுக்காமலே கேட்டார்.

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

யாரும் வரவில்லை. மூன்று பேராகப் போனால் ஆட்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று அவன்தான் மனைவியையும் அண்ணனையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தான்.