சேர்த்த காரணம்

காஞ்சிபுரத்தில் குழந்தைகள் நலக்குழு கொடுத்த உத்தரவைத் தங்கமாரி நீட்டினாள். மணிமங்கலம் குழந்தைகள் இல்லத்தின் வார்டன் கனகம் அதை வாங்கி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள்.

மகள் மதிவதனியைத் தாயுடன் அனுப்பலாம் என்று அதில் இருந்தது.

ஏழு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் தங்கமாரி ஒரகடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மணிமங்கலத்துக்கு வந்து, ஒரு மணி நேரம் மகளைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த ஒரு மணி நேரமும் கனகம் பக்கத்திலேயே நிற்பாள். கிளம்பும்போது மறக்காமல் கேட்பாள்.

"பாத்துக்க ஒரு ஆள் கூடவா இல்ல உனுக்கு?"

தங்கமாரிக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஆள் இல்லைதான். புருஷன் இசக்கிபாண்டி திருப்பூருக்கு வேலைக்குப் போனான். ஆறே மாதத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். கோவில்பட்டியில் இருந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மீதி இருந்தது வடக்குப்பட்டில் ஒரு வாடகை அறையும், செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலையும். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட்.

மதிய ஷிப்ட் வாரங்களில் ஏழு வயது மதிவதனி பள்ளிவிட்டு வந்து, தானே பூட்டைத் திறந்து, உள்ளே தாழ்போட்டுக்கொண்டு இருப்பாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லித்தான் வைத்திருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைக்குப் பசி. நூடுல்ஸ் போடத் தண்ணீர் கொதிக்கவைத்தது. பாத்திரம் சரிந்து வெந்நீர் கையில் கொட்டிவிட்டது. அலறல் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் கதவை உடைத்தார்கள். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்தார்கள். தங்கமாரிக்கும் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அவள் போன் கம்பெனி லாக்கரில் கிடந்தது.

இப்போது வேறு வேலை. ஒரகடத்திலேயே ஒரு பேக்கிங் கம்பெனியில், பிள்ளை வைத்திருக்கும் பெண்களுக்கென்று ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை தனி ஷிப்ட் ஆரம்பித்திருந்தார்கள். சம்பளம் குறைச்சல். ஆனால் அந்தக் கம்பெனி கொடுத்த கடிதத்தைப் பார்த்த பிறகுதான் நலக்குழுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

"நாலு மணிக்கு கரெக்டா வுட்டுருவாங்களா?" கனகம் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விட்டுருவாக."

"ஓ.டி.ன்னு சொல்லி நிறுத்தி வெக்க மாட்டாங்களே?"

"ஓ.டி. கெடையாதுக்கா."

"ஞாயித்துக்கெழம லீவா?"

"லீவுதான்."

உத்தரவே வந்த பிறகும் இவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்று தங்கமாரி நினைத்துக்கொண்டாள். முகம் சூடானது. பிள்ளை வெளியே வரும்வரை எதுவும் பேசிவிடக் கூடாது.

கனகம் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். முப்பது பேருக்கான இல்லத்தில் இப்போது நாற்பத்தாறு பேர். 'சேர்த்த காரணம்' என்று ஒரு பத்தி இருந்தது. முன்பக்கங்களில் 'பெற்றோர் இல்லை', 'பெற்றோர் இல்லை' என்று போனது. பாதிக்குமேல் அது மாறிவிட்டது. 'பார்த்துக்கொள்ள ஆள் இல்லை'. அடுத்த பெயருக்கும் அதுதான். அதற்கடுத்த பெயருக்கும். கீழே 'மேற்படி' என்றுகூடப் போடாமல், ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதியிருந்தாள் கனகம்.

மதிவதனி பெயருக்கு நேரேயும் அதே மூன்று வார்த்தை. தங்கமாரி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மதிவதனி ஓடி வந்தாள். தலை வாரி, நெற்றி இழுபட இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. கையில் வெந்த இடம் தோல் மூடி, வழவழவென்று இருந்தது. அம்மாவின் இடுப்பை ஒருமுறை கட்டிப்பிடித்துவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

தங்கமாரி துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கனகம் கூடவே வந்து, பிள்ளை போகக் கேட்டைத் திறந்தாள். பிள்ளை வெளியே போனதும், வழிவிடாமல் நடுவில் நின்றாள்.

"அந்தக் கம்பெனில இன்னும் ஆள் எடுக்குறாங்களா?"

தங்கமாரிக்குப் புரியவில்லை. "யாருக்குக்கா?"

"எனுக்குதான்." கனகம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இங்க ராத்திரி பகல் இருக்கணும். ஸ்டாஃப் புள்ளைங்கள வெச்சிக்கினு இருக்கவும் வுட மாட்டாங்க. எம் பொண்ணு மூணு வருசமா வந்தவாசில ஒரு ஹோம்ல கீறா."

ஆட்டோவிலிருந்து மதிவதனி கூப்பிட்டாள்.

"இரு, வாரேன்" என்றாள் தங்கமாரி. பையைக் கீழே வைத்துவிட்டு, போனில் கம்பெனி சூப்பர்வைசரின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.