தறிக்குழியில் இருந்தவள்

ஜீப்பில் வந்த நிலநடுக்க ஆய்வு அதிகாரியின் படிவத்தில், தெரு முழுக்க 'உணரவில்லை' என்றே இருக்கிறது. கமலவேணி தறிக்குழிக்குள் கால்களை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். சாய்வெயிலில் அரக்குப் பட்டு மின்னுகிறது. நேற்று தரை நடுங்கி மிதிப்பலகை நழுவியதில், ஒரு நெல்லின் அகலத்துக்கு நெசவு கோணியிருக்கிறது. "ஊர்ல யாருக்கும் நடுக்கம் தெரியல. இந்தக் கோணலப் பாத்தா மொதலாளி பொடவைய வாங்கமாட்டாரு, பிரிச்சுடு," என்று கை நீட்டுகிறான் புருஷன் குப்புசாமி. அவள் உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிக்கொள்கிறாள். "நீங்கல்லாம் தெருவுல நின்னுக்கினு இருந்தீங்க. என் காலு பூமிக்குள்ள இருந்துது." அதிகாரி பேனாவைத் திறக்கிறார். "எவ்வளவு நேரம்மா நடுங்குச்சு?" அவள் கையை எடுத்து, கோணிய இழைகளை நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். "ஒம்போது இழை ஓட்டற நேரம் சார். அப்படியே எழுதுங்க."