வாய் தவறி

தண்ணீர் குடிக்கப் போகட்டுமா அம்மா என்று வாயாடி கேட்டதும் மூன்றாம் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

முன்பெஞ்சு வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மிஸ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அம்மா என்று வந்துவிட்டது. எட்டு வயது நாக்கு, எங்கேயாவது வழுக்கத்தான் செய்யும். அந்த வகுப்பில் அநேகமாக எல்லோரும் ஒரு தடவையாவது வழுக்கியவர்கள்தான்.

டீச்சருக்கு அதில் ரகசியமாக ஒரு சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

இதுவரை வாய் தவறாதவள் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்திதான். அவளுக்கு எப்போதும் மிஸ், மிஸ், மிஸ்.

புதிதாகப் பார்ப்பவர்கள், டீச்சருக்கு அவள் மேல் ஏதோ கோபம் என்றுதான் நினைப்பார்கள். உயரமும் இல்லை, சேட்டையும் இல்லை, ஆனாலும் கடைசி பெஞ்சு. கை தூக்கினால் டீச்சரின் கண் அவளைத் தாண்டிப் போகும். போடலாமா வேண்டாமா என்று இழுக்கிற அரை மதிப்பெண் மற்றவர்களுக்கு ஏறும், அவளுக்கு மட்டும் இறங்கும்.

அவளும் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, கை தூக்குவதையே விட்டிருந்தாள்.

இன்று தூக்கினாள். ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு சிங்கம் வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது இரண்டு கையையும் தூக்கினாள்.

இன்னும் நாலைந்து பேருக்கும் சிங்கமாக ஆசை. தானே தேர்ந்தெடுக்க டீச்சருக்கு மனம் வரவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு சாரைக் கூப்பிட்டு, கரும்பலகையைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஆளைப் பார்க்கக் கூடாது, குரலை மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம் என்றார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி சார் பலகையில் மூக்கு இடிக்க நின்றதைப் பார்த்து வகுப்பு இன்னொரு முறை சிரித்தது.

ஒவ்வொருவராக உறுமினார்கள்.

ஒரு சிங்கத்துக்கு இருமல் வந்துவிட்டது. ஒரு சிங்கம் பாதியிலேயே சிரித்துவிட்டது. வாயாடி பூனை அளவுக்குத் தேறினாள்.

கடைசி பெஞ்சுக்காரி உறுமியபோது ஜன்னலில் இருந்த புறா பறந்தே போய்விட்டது.

இதுதான் சிங்கம் என்றார் சார், பலகையைப் பார்த்தபடியே.

டீச்சரின் முகம் மலர்ந்து, உடனே இறுகியது. வரிசையை மாற்றி மறுபடியும் உறுமச் சொன்னார். சார் மறுபடியும் அதே குரலைத்தான் சொன்னார். வாயாடிதான் நன்றாகச் செய்த மாதிரி இருந்தது என்று டீச்சர் இழுத்தார். அதை வாயாடியே நம்பவில்லை.

கடைசி பெஞ்சுக்காரி தன் இடத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கு இது பழகிப் போயிருந்தது.

சார் திரும்பிப் பார்த்தார். போகிறவள் யார் என்று தெரிந்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேசை அருகே வந்து குரலைத் தணித்தார்.

"ஆள் யாருன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னா, உங்களுக்கும் தெரியக் கூடாது டீச்சர்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் இத்தனையும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று பயந்து, இந்தச் சின்ன வாயை அல்லவா இவ்வளவு நாள் மூடி வைத்திருக்கிறோம் என்று நினைத்தார்.

கடைசி பெஞ்சு வரை நடந்து போய்க் குனிந்து, நீதான் சிங்கம் என்றார்.

"நெஜமாவாம்மா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலோடு அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்று, தினமும் காலையில் தலை பின்னிவிடும்போது டீச்சர் சொல்லித்தான் கூட்டி வருவார்.

யாரும் சிரிக்கவில்லை.

வாய் தவறிச் சொன்னால்தானே சிரிப்பார்கள்.