ஐந்து சாப்பாட்டுக் கடைகள் உள்ள ஊர்

“இந்தக் காகிதம் ஒண்ணு போதும். தெற்குத் திருவிதாங்கூரின் சரித்திரத்தையே இது மாத்தி எழுதும்” என்றார் விஜயதாஸ்.

சரித்திரம் அப்போது ரத்னபாயின் டீக்கடைப் பெஞ்சில், காற்றில் பறக்காமலிருக்க ஒரு காலிச் சீனி டப்பாவின் அடியில் கிடந்தது.

அமரவிளைக்குக் கிழக்கே உள்ள அந்த முக்கில் போராட்டம் ஓய்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போன ஆண்களில் பதினாறு பேர் இன்னும் ஜெயிலுக்குள்ளேதான். ரத்னபாயின் புருஷன் சுந்தரதாஸும் அதில் ஒருவன். கூலிவேலை நின்றுபோயிற்று. ரேஷன் அரிசி வருவதில்லை. எல்லையோரத்து ஊர்களின் குறைகளை மனுவாக வாங்க ஓர் ஆபீசரை நியமித்திருந்தார்கள். ரொம்பவும் நொடித்துப்போன ஒரே ஓர் ஊருக்கு மட்டும் அவர் இலவசக் கஞ்சித்தொட்டி போட்டுத் தருவார் என்றும் பேச்சு இருந்தது.

மனுவை இங்கிலீஷில் எழுத ஊரில் விஜயதாஸை விட்டால் ஆள் கிடையாது. ரப்பர் எஸ்டேட் துரையிடம் பதினோரு வருஷம் ரைட்டராக இருந்தவர். துரை கப்பலேறியபோது விட்டுப்போன இங்கிலீஷ் முழுவதும் இப்போது அவர் வசம்.

“வாசிச்சுக் காட்டுங்கோ சாரே” என்றான் கூலிக்காரன் ராஜையா.

“எங்கள் பட்டணத்தில்...”

“எந்தப் பட்டணம்?”

“இதுதாம்லே. எங்கள் பட்டணத்தில் தமிழர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் அஞ்சு. ஒண்ணு, சாப் ஹவுஸ். ரெண்டு, ஹாஷ் ஹவுஸ். மூணு, பீனரி. நாலு, டக் ஷாப். அஞ்சு, க்ரீசி ஸ்பூன்.”

ரத்னபாய் வாசலுக்கு வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “இதெல்லாம் எங்க சாரே இருக்கு?”

“நீ நிக்குத எடமாக்கும் சாப் ஹவுஸ். பின்னால அந்த ஓலைச் சாய்ப்பு பீனரி. சின்னக் கடையளுக்குத் துரைமாரு விளையாட்டா வச்ச பேரு இதெல்லாம். நான் ஒண்ணு விடாம நோட்டில எழுதி வச்சிருக்கேன்.”

“பீனரின்னா என்னது?” என்றான் ராஜையா.

“பயறு கெடைக்குத கடை.”

“பயறக் கண்டு மாசம் ஒண்ணாச்சு. அந்த ஸ்பூனு?”

“எண்ணெய் வழியுத கரண்டி.”

“கரண்டி உண்டு.”

விஜயதாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. “எலே, ஒரே ஒரு டீக்கடை உள்ள காட்டுமூலைய எவன் மாகாணம் மாத்திச் சேப்பான்? பட்டணம்னு தெரியண்டாமா?”

ரத்னபாய் குரலைத் தாழ்த்தினாள். “சாரே, கடைசீல ஒரு வரி சேருங்கோ. எங்களுக்கு ஒரு கஞ்சித்தொட்டி வேணும்னு. பிள்ளைய ரெண்டும் நேத்து வெறும் வெள்ளம் குடிச்சிட்டுக் கெடந்துச்சுவ.”

“கஞ்சியா? சாப் ஹவுஸ்னு எழுதின பேனாவால கஞ்சின்னு எழுத முடியாது. மானம்னு ஒண்ணு இல்லியா?”

“நீங்க சாப்பிட்டிட்டு வந்தவிய. மானம் பேசலாம்.”

விஜயதாஸ் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து, தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். மனுவை மடித்து உறைக்குள் வைத்தார்.

“ஒட்டணும். ஒரு பருக்கை சோறு தா.”

ரத்னபாய் சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். சாப் ஹவுஸில் இல்லை. பீனரியிலும் இல்லை. ராஜையா எழுந்துபோய், ரப்பர் மரத்துச் சிரட்டையிலிருந்து பால் தொட்டுவந்து உறையை ஒட்டினான்.

எட்டாம் நாள் பதில் வந்தது. முக்கில் ஊரே கூடிவிட்டது. விஜயதாஸ் பெஞ்சின் மேல் ஏறி நின்று, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

“‘தங்கள் பட்டணத்தில்...’ கேட்டியளா, பட்டணம்னே எழுதியிருக்கான். ‘ஐந்து சாப்பாட்டுக் கடைகள் நடந்துவருவதை இந்த ஆபீஸ் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்கிறது.’”

இரண்டு பேர் கைதட்டினார்கள்.

“கஞ்சித்தொட்டி?” என்றாள் ரத்னபாய்.

அவர் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். “‘ஆகவே, தங்களுக்குக் கஞ்சித்தொட்டி அவசியமில்லை. அது அருகிலுள்ள ஆரியங்கோட்டுக்கு வழங்கப்பட்டுள்ளது.’”

கைதட்டியவர்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். விஜயதாஸ் பெஞ்சிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ரத்னபாய் பிள்ளைகளையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு ஆரியங்கோட்டுக்கு நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது வரிசை வளைந்து ரோட்டுக்கு வந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு நின்றவர் விஜயதாஸ்.

அவர் வீட்டில் சோறு வெந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.