குதிரை விலைப் பை

"மோந்து பாத்தது போதும், கீழ வை" என்றாள் ஷொல்பான்.

தங்கை ரவ்ஷான் கைப்பைக்குள்ளிருந்து முகத்தை எடுத்தாள். "தோல் வாசனை வருதுக்கா. சந்தேகமே இல்ல, அசல்தான். சம்பந்தியம்மா குதிரையை வித்துத்தான் வாங்கியிருப்பாங்க."



இந்த வருஷம் ஷிம்கென்ட் நகரம் முழுக்க சம்பந்தி சீர் என்றால் இந்தப் பழுப்புப் பைதான். போன வருஷம் நரித்தோல் காலர் வைத்த கோட்டு. முந்தாநாள் விருந்தில் ஷொல்பானும் மாப்பிள்ளையின் தாய் கன்ஷாயிமும் ஒரே மாதிரிப் பையை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். இதல்லவா மனப்பொருத்தம் என்றார்கள்.

ஷொல்பான் கொடுத்தது போலி.

சந்தையில் கடைக்காரன் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியிருந்தான். "அசல் ஒரு குதிரை விலை. நகல் அதோட வால் விலை." அவளிடம் ஒரு குதிரை இருந்தது. குளிர்காலக் கறிக்காகக் கொழுக்க வைத்தது. அந்தக் கறி இல்லாவிட்டால் அவள் கணவர் வசந்தம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். வாலுக்கே சம்மதித்துவிட்டாள்.

"போலின்னு தெரிஞ்சும் எப்படிக்கா சிரிச்சுக்கிட்டே குடுத்தே?"

"அழுதுக்கிட்டே குடுத்தா சந்தேகம் வருமேடி."

"அவங்களுக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சுபோச்சு. பையைத் திறந்துகூடப் பாக்கலை. என் மூஞ்சியையும் பாக்கலை. 'ரொம்ப உசந்த சாமான், ரொம்ப உசந்த சாமான்'னு தரையைப் பாத்தே ரெண்டு தடவை சொன்னாங்க."

"தெரிஞ்சிருந்தா உம்பொண்ணு துமார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"இப்பச் சொல்ல மாட்டாங்க. மனசுல வச்சிருப்பாங்க. எம்பொண்ணு ஒருநாள் கைதவறி, விருந்தாளியை எழுந்து போன்னு சொல்ற மாதிரி கிண்ணம் நிறைய டீ ஊத்துவா பாரு, அன்னைக்குச் சொல்வாங்க. 'உங்க வீட்டுல எல்லாமே இப்படித்தானே'ன்னு. ஆயுசு முழுக்க அவ கேக்கணும்."

ரவ்ஷான் பையை மறுபடி மோந்தாள்.

"சனிக்கிழமை அவங்க அண்ணன் வீட்டுக் கல்யாணம். இந்தப் பையோடதான் போவாங்க. அங்க இருக்கிற பொம்பளைங்க தையலைத் தடவியே எந்த ஊர்ல தைச்சதுன்னு சொல்லிடுவாளுங்க" என்று எழுந்தாள் ஷொல்பான். "இந்த அசலைக் கொண்டுபோய் அவங்க அலமாரியில வச்சுட்டு, என்னோடதை எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"அவங்க குடுத்ததையே அவங்களுக்குக் குடுக்கப் போறியா? இது சீரா, திருட்டா?"

"ரெண்டும்."

"கூப்பிடாம பொண்ணு வீட்டு வாசல்ல போய் நின்னா ஊர் சிரிக்கும்."

"என்னைப் பாத்து சிரிக்கட்டும். அவளைப் பாத்து சிரிக்க வேண்டாம்."

பஸ்ஸில், கோட்டுக்குள் புடைத்திருந்த பையைப் பார்த்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு வயதில் ஷொல்பான் வயிற்றை அணைத்தபடி உட்கார்ந்துகொண்டாள். வேறு என்ன செய்வது.

மாட்டிக்கொள்வோம் என்பதல்ல அவளை அரித்தது. மகளுக்காக ஒரு குதிரையை விற்கக்கூடியவள் என்று இத்தனை காலமும் தன்னைப் பற்றி நினைத்து வைத்திருந்தாள். விற்க வேண்டிய நாள் வந்தது. கறியின் நினைப்புதான் ஜெயித்தது. கன்ஷாயிம் அப்படித் தயங்கியிருக்க மாட்டாள். அந்த நெட்டை மனுஷியின் நிமிர்ந்த முதுகைப் பார்த்தாலே தெரியும்.

கதவைத் திறந்த துமார், தலையில் கட்டிய புது மருமகள் துணியை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டாள். "அம்மா, நீங்களா? கூப்பிடாம வந்துட்டீங்களே."

"உங்க எல்லாருக்கும் பொரிச்ச ரொட்டி கொண்டுவந்தேன்."

"எங்கம்மா?"

ஷொல்பான் தன் வெறுங்கைகளைப் பார்த்தாள். "வச்சுட்டு வந்துட்டேன். உங்க அத்தை எங்க?"

"வெளியில போயிருக்காங்க."

ஷொல்பான் நேரே சம்பந்தியின் அறைக்குள் போனாள். அலமாரியைத் திறந்தாள். கம்பளிக் கோட்டுகள், சுருட்டி வைத்த விரிப்பு, பிரிக்காத படுக்கை உறைகள். கீழ்த்தட்டு, மேல்தட்டு, கோட்டுகளுக்குப் பின்னால். பழுப்பாக எதுவும் இல்லை.

"அம்மா, என்ன பண்றீங்க?"

ஷொல்பான் கட்டிலில் உட்கார்ந்தாள். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். பை மடியில் விழுந்தது. இனி மறைத்துப் பயனில்லை. "நான் குடுத்தது எங்கடி?"

துமார் அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. "அத்தை எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நம்ம வீட்டுக்குத்தான்."

"திருப்பி என் மூஞ்சியில எறியவா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்கம்மா."

"சொல்லுடி."

துமார் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"ரெண்டு ராத்திரியா அவங்க தூங்கலை. 'உங்கம்மா எனக்குக் குதிரையை வித்து அசல் வாங்கிக் குடுத்திருக்காங்க, நான் போலியைக் குடுத்து ஏமாத்திட்டேன், அவங்க பாக்காதப்ப இந்த அசலை அங்க வச்சுட்டு என்னோடதை எடுத்துக்கிட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டு, கோட்டுக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டுப் போனாங்க."