சிவப்பு டேப் ஒட்டின கட்டை

"மீனோ... மீன்! சூடை, கும்பளா, பாரை!"

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சத்தத்தில், பளீலாவின் கையிலிருந்த அகப்பை கறிச்சட்டிக்குள் விழுந்தது.

அது அவளுடைய மனிசன் அபூசாலியின் குரல். தில்லையடியில் ஒழுங்கை ஒழுங்கையாக, இருபது வருசம் மோட்டார் சைக்கிளில் மீன் விற்ற குரல். தொண்டையில் கட்டி என்று கொழும்பில் ஒப்பரேஷன் செய்து, குரல் போய் நாலு மாதம். இனி வராது என்று டொக்டரும் சொல்லியாயிற்று.

"மீனோ... மீன்!" இந்த முறை எலிக்குஞ்சு கீச்சிடுவது போல.

"மீனோ... மீன்!" இப்போது எருமை முக்குவது போல.

பிறகு ஒரே சிரிப்பு.

பளீலாவுக்கு விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டு றிஸ்கான்! ஓ.எல். சோதனை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை ஊரைப் பேய்க்காட்டித் திரியும் பயல். அதிபர் மாதிரிக் கதைப்பான், கல்பிட்டி பஸ் கொண்டக்டர் மாதிரிக் கூவுவான், குட்டியாடு மாதிரிக் கத்தித் தாயாட்டையே வரவழைப்பான். போன வருசம் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "மீனோ மீன்" என்றதில், ஒழுங்கைப் பெண்களெல்லாம் சட்டியும் கையுமாக வெயிலில் காய்ந்தார்கள். அன்றைக்கு அபூசாலியும் சேர்ந்துதான் சிரித்தார்.

ஆனால் இப்போதுமா? குரல் போன மனிசனை வைத்தா?

அவர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கூவ முடியாமல் மோட்டார் சைக்கிளில் ஒரு பீப்பீ ஹோர்னைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். சனம், பாணும் பனிஸும் விற்க வரும் ஓட்டோ என்று ஓடி வந்தது. "என்னது, மீனா? பனிஸ் இல்லையா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனது. மூன்று நாளும் பெட்டி நிறைய மீனோடு திரும்பினார். நாலாம் நாள் ஹோர்னைக் கழற்றிக் கோழிக்கூட்டின் மேல் எறிந்தார்.

அதற்குப் பிறகு பத்து நாளாக, காலையில் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போகிறார். பகல் சோற்றுக்குத்தான் வருகிறார். அங்கே தனியாக இருந்து என்ன யோசிக்கிறாரோ? கேட்கப் பயம்.

பளீலா முக்காட்டை இழுத்துப் போட்டாள். கறி சொட்டச் சொட்ட அகப்பையோடு புறப்பட்டாள்.

வாசலில் றிஸ்கானின் தங்கச்சி ஷிம்லா குறுக்கே நின்றாள். "மாமி, இப்ப உள்ளுக்குப் போகாதீங்க!"

"ஏன்டி, சிரிச்சு முடியல்லயா இன்னும்?"

அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் கொம்பியூட்டர். அதற்கு முன்னால், பியானோ மாதிரிக் கறுப்பு வெள்ளைக் கட்டைகளோடு, முழ நீளத்தில் ஒரு குட்டி ஓகன். அதன் மேல் றிஸ்கானின் விரல்கள்.

"எங்கட மனிசன்ட கொரலக் களவா ரெக்கோட் பண்ணி, எலியும் எருமையுமா ஆக்கிச் சிரிக்கிறியாடா?"

"ரெக்கோட்டா? மாமாட கொரல் எவன்ட போன்லயும் இல்ல மாமி. தேடாத எடமில்ல. கலியாண வீடியோவிலயும் மனிசன் சஹன் சோத்துல குனிஞ்ச தல நிமிரல்ல."

அது உண்மைதான். அவளும் தன் போனைத் தேடிப் பார்த்து அழுதிருக்கிறாள்.

"அப்ப இது ஆரு?"

றிஸ்கான் வாயைத் திறந்தான். "மீனோ... மீன்!"

அபூசாலியின் அதே குரல்.

"நான்தான் மாமி. ஒரு சத்தத்தப் பதிஞ்சு எல்லாக் கட்டைக்கும் இழுத்து விட்டா, மேல போனா எலி, கீழ போனா எருமை. சாப்ட்வெயார் அப்பிடித்தான். அதுதான் ஒவ்வொரு கட்டைக்கும் வேற வேறயாச் சொல்லிப் பதியிறன். இது சூடை. இது பாரை. இது இறால். இது, 'முடிஞ்சி தங்கச்சி, நாளைக்கி'. இந்த ஓகனப் போன்ல கொழுவி, மோட்டார் சைக்கிள்ல ஒரு ஸ்பீக்கரக் கட்டினா, அண்டண்டைக்குப் பட்ட மீன அவரே கூப்பிடுவாரு. ஆருக்கும் பாண் எண்டு நெனப்பு வராது."

"உன்னட்ட ஆருடா கேட்டது?"

றிஸ்கான் அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

கதவு மூலையில், கதிரையில் அபூசாலி. கழுத்தில் துணி, மடியில் கொப்பி, காதில் பென்சில். சத்தமே இல்லாமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கொப்பியில் மீன் பெயர்கள். 'பாரை'க்குப் பக்கத்தில், 'இன்னும் இழு' என்று எழுதியிருந்தது.

"பத்து நாளா மாமா இங்கதான் மாமி. எலி வந்தா ஆகக்கூடச் சிரிக்கிறதும் அவருதான்."

பளீலா அப்படியே பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டாள். "நான் என்னெல்லாம் நெனச்சிப் பயந்தன்... மீன் விக்கிற விசயத்த என்னட்டச் சொன்னா என்னவாம்?"

"அவரு மொதல்ல பதியச் சொன்னது மீன் இல்ல மாமி," என்றான் றிஸ்கான். ஓகனைத் தூக்கி அபூசாலியின் மடியில் வைத்தான். முதலாவது கட்டையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. "மாமா மீன் வித்துட்டு வந்து வாசல்ல நிண்டு கூப்பிடுறத, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தின வருசம் கேட்டிருப்பன்? ஒரே தரத்தில சரி வந்திச்சி."

அபூசாலி ஒரு விரலை அந்தக் கட்டையில் வைத்து அழுத்தினார்.

"பளீலோ... கேட்டத் தொற புள்ள!"

"இந்தா வாறன்!" என்று அகப்பையும் கையுமாக எழும்பிய பளீலா, பக்கத்தில் இருந்த மனிசனை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கேட்டைத் திறக்க ஓடினாள்.